உடலுக்கேற்ற வண்டி

பெருநாளோ பொங்கலோ வரும்போது, தையற்கடையில் நம் தோளையும் மார்பையும் கையையும் அளந்த பின்னரே துணியில் கத்தரி வைக்கப்படுகிறது. செருப்புக் கடையில் காலை நுழைத்துப் பார்த்த பின்னரே விலை பேசப்படுகிறது. மூக்குக்கண்ணாடிக்கோ, அளவு பார்ப்பதற்கென்றே தனிப்படிப்புப் படித்தவர் இருக்கிறார். ஆனால் ஆண்டுக்கணக்கில் நம் உடலைத் தாங்கப்போகும் மிதிவண்டியை வாங்கும்போது மட்டும் நாம் கேட்கும் கேள்விகள் மூன்றே: என்ன விலை? எந்த நிறுவனம்? என்ன நிறம்? வாங்குபவரின் கால் எவ்வளவு நீளம் என்று விற்பவர் கேட்பதில்லை, வாங்குபவரும் சொல்வதில்லை.

எண்சாண் உடம்பு என்பர் நம் முன்னோர். அவரவர் சாணால் அளந்தால் எவருக்கும் உடம்பு எண்சாண்தான். ஆயினும் ஒருவர் சாண் மற்றவர் சாண் ஆகாது. ஒரே உயரமுடைய இருவரில் ஒருவருக்குக் கால் நீண்டும், மற்றவருக்கு உடற்பகுதி நீண்டும் இருத்தல் இயல்பு. இவ்வேறுபாட்டை மதிக்காத எந்தக் கருவியும் மனிதனுக்குப் பணி செய்வதில்லை. மனிதனைத்தான் தனக்குப் பணி செய்ய வைக்கிறது. செருப்புக்காகக் காலை வெட்டுவதா என்று கேட்கத் தெரிந்த நாம், மிதிவண்டிக்காக முழங்காலைத் தேய்த்துக்கொள்வதை மட்டும் ஏன் பொறுத்துக்கொள்கிறோம்? உடலுக்கேற்ப வண்டியைத் தேர்ந்து, அதனை உடலுக்கேற்பத் திருத்திக்கொள்ளும் அறிவு, விளையாட்டு வீரர்களுக்கு மட்டும் உரியதன்று. பள்ளிப் பிள்ளைக்கும் பால்காரருக்கும் உரிய பொது அறிவு என்பதே நம் கருத்து.

சக்கரம் காலை அளந்த காலம்

மிதிவண்டி வரலாற்றில் உடலை அளக்காமல் வண்டி வாங்கவே இயலாத ஒரு காலம் இருந்தது. 1870களில் மேலைநாடுகளில் ஓடிய உயர்சக்கர வண்டியில் மிதிகட்டைகள் முன்சக்கரத்திலேயே பொருத்தப்பட்டிருந்தன. மிதி ஒருமுறை சுற்றினால் சக்கரமும் ஒருமுறை சுற்றும். எனவே சக்கரம் பெரிதானால் வேகம் மிகும். எத்துணைப் பெரிதாகலாம்? ஓட்டுபவரின் கால் எட்டும் அளவுக்குத்தான். நெட்டைக் காலருக்குப் பெரிய சக்கரம். குட்டைக் காலருக்குச் சிறிய சக்கரம். காலை அளக்காமல் அன்று சக்கரம் வாங்க முடியாது.

1885இல் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்னும் ஆங்கிலேயர் ரோவர் என்ற வண்டியை வெளியிட்டார். சங்கிலி வழியாகப் பின்சக்கரம் சுழன்றது. இரு சக்கரங்களும் ஏறத்தாழ ஒரே அளவாயின. அன்று முதல் சக்கரம் காலின் கட்டிலிருந்து விடுபட்டது. அது பெரிய முன்னேற்றமே. ஆனால் அளவுப் பொறுப்பு சக்கரத்திலிருந்து சட்டத்துக்கு மாறியது. பிரேம் என்று கடைகளில் வழங்கும் அச்சட்டத்தைப் பல அளவுகளில் செய்தால்தான் பலவகை உடல்களுக்கும் பொருந்தும். அவ்வாறு செய்த நாடுகளும் உண்டு; செய்யாமல் விட்ட நாடுகளும் உண்டு.

குரங்கு பெடல் கற்பித்த பாடம்

நம் நாட்டில் 1949இல் சென்னையில் தொடங்கப்பெற்ற டி.ஐ. சைக்கிள்ஸ், 1956இல் லூதியானாவில் தொடங்கப்பெற்ற ஹீரோ சைக்கிள்ஸ் போன்ற நிறுவனங்கள் மிதிவண்டியை எளிய மக்களின் கைக்குக் கொண்டுவந்தன. அந்தத் தொண்டினைக் குறைத்து மதிப்பிட முடியாது. நெல்மூட்டையும் பால் கேனும் தண்ணீர்க் குடமும் விறகுக்கட்டும் சுமந்த அந்தக் கறுப்பு வண்டி, ஒரு தலைமுறையின் வாழ்வையே சுமந்தது. ஆனால் அதன் சட்டம் பெரும்பாலும் 22 அங்குலம், 24 அங்குலம் என்னும் இரண்டே அளவுகளில் கிடைத்தது. சக்கரமோ 28 அங்குலம். ஐந்தடி உயரமுள்ளவரும் ஆறடி உயரமுள்ளவரும் அந்த இரண்டுக்குள்ளேயே தம்மை அடக்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

சிறுவர்களுக்கோ அதுவும் இல்லை. ஆகவே அவர்கள் 'குரங்கு பெடல்' என்னும் கலையைக் கண்டெடுத்தார்கள். பாருக்கு மேலே ஏற முடியாத சிறுவன், முக்கோணச் சட்டத்தின் இடைவெளியில் ஒரு காலை நுழைத்து, உடலை ஒருபுறம் வளைத்து, அரைமிதி மிதித்து ஊர் சுற்றினான். அதனைத் திறமை என்று பாராட்டுவோம். 2024இல் அப்பெயரிலேயே ஒரு திரைப்படமும் வந்தது. ஆனால் அத்திறமையைப் பிறப்பித்தது சிறுவனுக்கேற்ற சட்டம் இல்லாமைதான் என்பதையும் மறவாதிருப்போம்.

1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தோடு இணைந்து ஆயிரக்கணக்கான பெண்கள் மிதிவண்டி கற்றனர். பெண்கள் வண்டிக்குத் தட்டுப்பாடு வந்தபோது அவர்கள் ஆண்கள் வண்டியையே ஓட்டினர். முன்பாரில் குழந்தையை அமர்த்திக்கொள்ளலாம் என்பதால் சிலர் அதனையே விரும்பினர் என்றும் பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்துள்ளார். மக்கள் எதற்கும் தம்மைப் பொருத்திக்கொள்வார்கள் என்பதற்கு இது சான்று. மக்களின் அந்தப் பொறுமை, அளவு பார்க்காமல் வண்டி விற்பதற்கு ஒப்புதல் ஆகிவிடக் கூடாது.

சட்டத்தைத் தேர்ந்தெடுத்தல்

இன்று நிலைமை மாறியிருக்கிறது. விடியற்காலையில் சென்னைக் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் பிற நகரங்களின் புறவழிச் சாலைகளிலும் இளைஞர்கள் மெல்லிய சக்கரமும் வளைந்த கைப்பிடியும் உடைய வேக மிதிவண்டிகளில் செல்வதைக் காண்கிறோம். ரோடு பைக் எனப்படும் இவ்வண்டிகள் பல ஆயிரங்களிலிருந்து இலட்சங்கள் வரை விலையாகின்றன. இவை பல அளவுகளில் கிடைக்கின்றன. கிடைத்தும், தள்ளுபடியில் வந்ததையும் கண்ணுக்கு அழகாய் நின்றதையும் வாங்கி வருவோர் பலர். இவ்வகை வண்டியில் அளவுப் பிழை பெருந்தீங்கு விளைக்கும். நிமிடத்துக்கு 90 சுற்று மிதிப்பவரின் ஒவ்வொரு முழங்காலும் ஒரு மணி நேரத்தில் 5,400 முறை மடங்கி நீள்கிறது. ஒருமுறை மடங்கும்போது பொருட்படுத்தத் தகாத பிழை, ஐயாயிரம் முறை மடங்கும்போது நோயாகிறது.

அளப்பதற்கு வேண்டியவை ஒரு சுவர், ஒரு கெட்டி அட்டைப் புத்தகம், ஓர் அளவுநாடா. வெறுங்காலுடன் சுவரில் முதுகு பட நின்று, பாதங்களைச் சுமார் 15 சென்டிமீட்டர் அகற்றி வைத்து, புத்தகத்தைத் தொடைகளுக்கிடையே நிறுத்தி, இருக்கையில் அமர்வது போன்ற அழுத்தம் தோன்றும் வரை மேலே உயர்த்த வேண்டும். புத்தகத்தின் மேல்விளிம்பைச் சுவரில் குறித்து, அங்கிருந்து தரை வரை அளந்தால் கிடைப்பது உட்காலின் நீளம். மூன்று முறை அளந்து சராசரி காண்பது நன்று. பழைய கணக்குப்படி இந்நீளத்தை 0.67ஆல் பெருக்கினால், மேற்குழாய் கிடைமட்டமாக உள்ள வேக வண்டியின் சட்ட அளவு ஏறத்தாழக் கிடைக்கும். உட்கால் 80 சென்டிமீட்டர் எனில் 53.6, அதாவது 54 அளவுச் சட்டம். அவ்வாறான சட்டத்தின்மேல் இரு கால்களையும் தரையில் ஊன்றி நிற்கும்போது, உடலுக்கும் மேற்குழாய்க்கும் இடையே இரண்டு முதல் ஐந்து சென்டிமீட்டர் இடைவெளி இருத்தல் வேண்டும்.

இக்கணக்கு தொடக்கமே, முடிவன்று. 1990களின் பிற்பகுதியில் மைக் பர்ரோஸ் என்னும் வடிவமைப்பாளரின் முயற்சியால் ஜயண்ட் நிறுவனம் மேற்குழாய் பின்னோக்கிச் சரியும் சட்டத்தைப் பரப்பியது. அதன் பின்னர், சட்டையைப் போலச் சிறியது, நடுத்தரம், பெரியது என்று அளவு சொல்லும் வழக்கமும் பரவிற்று. இருக்கைக் குழாயின் நீளம் இன்று பல வண்டிகளில் உண்மையான அளவைக் காட்டுவதில்லை. ஒரு நிறுவனத்தின் நடுத்தரம் மற்றொன்றின் சிறியதாக இருக்கக்கூடும். ஆகவே அறிந்தோர் இப்போது ரீச், ஸ்டாக் என்னும் இரண்டு அளவுகளைக் கேட்கின்றனர். மிதிகட்டைக் கரங்கள் சுழலும் கிராங்க் அச்சிலிருந்து, கைப்பிடித் தண்டு செருகப்படும் முன்குழாயின் தலை எவ்வளவு முன்னே இருக்கிறது என்பது ரீச். எவ்வளவு மேலே இருக்கிறது என்பது ஸ்டாக்.

இவ்விரண்டையும் ஏன் வலியுறுத்துகிறோம் எனில், வண்டியில் திருத்தக்கூடியவை சில, திருத்த முடியாதவை சில. இருக்கையை உயர்த்தலாம், தாழ்த்தலாம். சட்டத்தின் நீளத்தையோ முன்குழாயின் உயரத்தையோ பின்னர் மாற்ற இயலாது. திருத்த முடியாததைத் தேர்வின்போதே சரியாகக் கொள்வதுதான் அறிவுடைமை. இரு அளவுகளுக்கு நடுவே நிற்பவர், சிறிய சட்டத்தில் நீண்ட ஸ்டெம் பொருத்தி நீளத்தைக் கூட்டிக்கொள்ளலாம். ஆனால் கைப்பிடி தாழும், முதுகு மிகவும் குனிய வேண்டும். பெரிய சட்டத்தில் கைப்பிடி உயர்ந்திருக்கும். ஆனால் நீளத்தைப் பெரிதும் குறைக்க முடியாது. தம் முதுகின் வளையும் தன்மையை அறிந்து முடிவு செய்தல் அவரவர் கடன்.

இருக்கை முதலில், கைப்பிடி பின்னர்

திருத்துவதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் இருக்கையின் உயரம். வண்டியில் அமர்ந்து, மிதிகட்டை அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் சரியாக நீண்டு நிற்க வேண்டும். இடுப்பு ஒருபுறம் சாயக் கூடாது. பிறகு முன்பாதத்தை வைத்து மிதிக்கும்போது முழங்காலில் சிறு மடிப்பு தானே அமையும். அம்மடிப்பு 25 முதல் 35 பாகை வரை இருப்பது நன்று என்பர். கணக்கால் காண விரும்புவோர்க்கு, பிரெஞ்சுப் பயிற்சியாளர் சிரில் கிமார், அமெரிக்க வீரர் கிரெக் லெமாண்ட் ஆகியோரால் புகழ்பெற்ற சூத்திரம் ஒன்று உண்டு: உட்கால் நீளத்தை 0.883ஆல் பெருக்கினால் கிராங்க் அச்சிலிருந்து இருக்கையின் மேற்பரப்பு வரையுள்ள உயரம் கிடைக்கும். 80 சென்டிமீட்டருக்கு அது 70.6. ஹாம்லி, தாமஸ் என்னும் ஆய்வாளர்கள் 1967இல் வெளியிட்ட முறையோ, அடியில் நிற்கும் மிதிகட்டையிலிருந்து இருக்கை வரை உட்கால் நீளத்தில் 109 விழுக்காடு என்கிறது. 80க்கு 87.2, அதில் 17 சென்டிமீட்டர் கிராங்க் நீளத்தைக் கழித்தால் 70.2. இரு வேறு வழிகளில் வந்தவர்கள் நான்கு மில்லிமீட்டர் வேறுபாட்டில் சந்திப்பது அம்முறைகளின்மீது நம்பிக்கை தருகிறது.

இரண்டாவது, இருக்கையை முன்னும் பின்னும் நகர்த்தல். மிதிகட்டைகள் இரண்டும் கிடைமட்டத்தில் நிற்கையில், முன்னுள்ள முழங்காலிலிருந்து கொத்தனாரின் தூக்குக்குண்டு ஒன்றைத் தொங்கவிட்டால் அது மிதிகட்டையின் அச்சுக்கு நேராக வர வேண்டும் என்பது பழைய விதி. இவ்விதிக்கு இயக்கவியல் அடிப்படை இல்லை என்று கீத் பாண்ட்ரேகர் என்னும் வண்டி வடிவமைப்பாளர் மறுத்துள்ளார். அவர் மறுப்பு தக்கதே. எனினும் வேறொரு தொடக்கம் இல்லாதவர்க்கு இது தீங்கற்ற தொடக்கம். மூன்றாவது, இருக்கையின் சாய்வு. அதன்மேல் ஒரு ரசமட்டத்தை வைத்தால் குமிழி நடுவில் நிற்க வேண்டும். இருக்கை முன்னே சரிந்தால் உடல் வழுக்கிக் கைகளின்மீது பாரம் ஏறும்.

இவை முடிந்த பின்னரே கைப்பிடி. முழங்கை சற்றே மடங்கியிருக்கும்படி அது எட்ட வேண்டும். அதன் அகலம் தோள் எலும்புகளின் அகலத்தை ஒட்டியிருக்க வேண்டும். எட்டவில்லை என்பதற்காக இருக்கையை முன்னே தள்ளுவோர் உளர். அது முதுகைக் காக்க முழங்காலைப் பலியிடுவது. ஸ்டெம்மை மாற்றுவதே முறை. எத்திருத்தமும் ஒருமுறைக்கு ஒன்றாக, ஐந்து மில்லிமீட்டருக்கு மிகாமல் அமைதல் நன்று. இருக்கைத் தண்டில் பொறித்துள்ள எல்லைக் கோட்டுக்கு மேல் அதனை வெளியே இழுத்தல் கூடவே கூடாது. தண்டு முறிந்து விழ நேரும்.

வலி சொல்லும் செய்தி

பொருந்தாத வண்டி உடலோடு பேசும். அதன் மொழி வலி. முழங்காலின் முன்புறம் வலித்தால் பெரும்பாலும் இருக்கை தாழ்ந்துள்ளது. பின்புறம் வலித்தால் உயர்ந்துள்ளது. சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போனால் உள்ளங்கையின்மீது பாரம் மிகுந்துள்ளது. கழுத்து வலித்தால் கைப்பிடி தொலைவிலோ தாழ்விலோ இருக்கிறது. திருத்தியும் தீராத வலிக்கு மருத்துவரை நாடுதல் வேண்டும்.

ஒருமுறை பொருத்திவிட்டால் என்றும் பொருந்தும் என்பதும் இல்லை. பெல்ஜிய நாட்டு மாவீரர் எடி மெர்க்ஸ் 1969இல் புளுவா நகரப் பந்தயத் தடத்தில் விழுந்து கடுங்காயமுற்றார். அதன் பின்னர் வலி அவரை விட்டு நீங்கவில்லை. பந்தயத்தின் நடுவிலேயே இருக்கையின் உயரத்தை மாற்றிக்கொள்வது அவர் வழக்கமாயிற்று. அந்த உடலோடுதான் 1972இல் மெக்சிகோ நகரில் ஒரு மணி நேரத்தில் 49.431 கிலோமீட்டர் ஓட்டிச் சாதனை படைத்தார். 1993இல் ஸ்காட்லாந்தின் கிரேம் ஓப்ரி, தம் கையால் செய்த வண்டியில், கைகளை மார்புக்கடியில் மடக்கிக்கொள்ளும் தமக்கே உரிய அமர்வுடன் ஒரு மணி நேரத்தில் 51.596 கிலோமீட்டர் ஓட்டினார். மறு ஆண்டே அந்த அமர்வை விளையாட்டு நிர்வாகம் தடை செய்தது. தடை சரியா தவறா என்பது வேறு வழக்கு. வண்டியைத் தம் உடலுக்கு வளைத்தவர்களே எல்லைகளைக் கடந்தார்கள் என்பது மட்டும் உறுதி.

இரண்டு மறுப்புகள்

நம் தாத்தாக்கள் கிடைத்த வண்டியை ஓட்டினார்கள். அவர்களுக்கு என்ன வந்தது என்று கேட்பர் சிலர். அவர்கள் நிமிர்ந்து அமர்ந்து, சுருள்வில் பொருத்திய அகன்ற தோல் இருக்கையில், மெதுவாகச் சென்றார்கள். அவ்வண்டி சிறு பிழைகளைப் பொறுத்தது. குனிந்து விரைந்து ஓட்டும் வண்டி பொறுக்காது. மேலும், அவர்களின் முழங்கால் வலியை யார் கேட்டுப் பதிவு செய்தார்கள்? முதுமை என்று சொல்லித் தைலம் தடவியவர்கள்தாமே நாம்!

அளவு பார்க்கும் வல்லுநருக்குக் கொடுக்கப் பணம் ஏது என்பர் வேறு சிலர். நாம் மேலே கூறியவற்றுக்கு வேண்டியவை அளவுநாடா, தூக்குக்குண்டு, ரசமட்டம், ஸ்பேனர். இவை ஒரு தெருவில் நான்கு வீடுகளைத் தட்டினால் கிடைப்பவை. வல்லுநர் வேண்டுவது நெடுந்தொலைவுப் பந்தய வீரருக்கும் தீராத வலியுடையோர்க்கும்தான்.

பள்ளி மிதிவண்டியும் நம் கடமையும்

தமிழக அரசு 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவியருக்கு விலையில்லா மிதிவண்டி வழங்கத் தொடங்கி, 2005-06இல் அதனைப் பிற மாணவ மாணவியர்க்கும் விரித்தது. மிதிவண்டி கல்விக்கு என்ன செய்யும் என்பதற்குப் பீகார் சான்று. அங்கு 2006இல் தொடங்கிய திட்டத்தை ஆராய்ந்த கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் ஆகியோர், உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்த பெண்களின் அளவு 32 விழுக்காடு உயர்ந்ததாக 2017இல் வெளியான கட்டுரையில் காட்டினர். எனவே இத்திட்டங்களை நாம் மனமார வரவேற்கிறோம். வரவேற்பதால்தான் ஒரு குறையையும் சுட்டுகிறோம்.

பதினோராம் வகுப்பில் ஒருவர் தோளுக்கு மற்றொருவர் தலை எட்டும் அளவுக்கு உயர வேறுபாடு உண்டு. ஆனால் பள்ளி வாயிலில் வரிசையாக நிற்கும் வண்டிகளைப் பாருங்கள். பல வண்டிகளில் இருக்கை வந்த நிலையிலேயே, அடிமட்டத்தில் அமர்ந்திருக்கும். வளர்ந்த பிள்ளைகள் முழங்கால் மார்புவரை உயர மிதித்துச் செல்கின்றனர். இதற்கு ஓர் அச்சமே காரணம்: அமர்ந்தபடியே இரு கால்களும் தரையில் ஊன்ற வேண்டும் என்னும் அச்சம். தரையில் கால் ஊன்றுவது இருக்கையின் அளவுகோல் அன்று. நிறுத்தும்போது இருக்கையைவிட்டு முன்னே இறங்கி ஒரு காலை ஊன்றப் பழகிவிட்டால் அச்சம் நீங்கும், முழங்காலும் பிழைக்கும்.

பெற்றோரிடத்தும் ஒரு சொல். வளரும் பிள்ளை என்று சட்டையைச் சற்றுப் பெரிதாகத் தைப்பது நம் வழக்கம். பெரிய சட்டை சிரிப்பைத்தான் வருவிக்கும். பெரிய வண்டியோ விபத்தை வருவிக்கும். அதில் பிள்ளையின் விரல் பிரேக்கை எட்டாது. அடுத்த ஆண்டுக்கு அல்ல, இந்த ஆண்டுக்குப் பொருந்தும் வண்டியை வாங்குங்கள். சிறிதாகிப்போன வண்டி தம்பிக்கோ அண்டை வீட்டுப் பிள்ளைக்கோ பயன்படும்.

நாம் வேண்டுவன மிகச் சில. பள்ளிகளில் வண்டி வழங்கும் நாளன்று, வகுப்புக்கு அரை மணி நேரம் ஒதுக்கி, ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த இருவரைக் கொண்டு ஒவ்வொரு பிள்ளைக்கும் இருக்கையைத் திருத்தித் தர வேண்டும். விற்பனைக் கடைகள், விலை சொல்வதற்கு முன் உட்கால் அளவைக் கேட்பதை வழக்கமாக்க வேண்டும். கல்லூரிகள், மிதிவண்டி நிறுத்துமிடத்தில் ஓர் அளவுநாடாவும் ஒரு ஸ்பேனர் பெட்டியும் வைத்து, அதனைப் பேணும் பொறுப்பை மாணவர் குழுவிடம் ஒப்படைக்க வேண்டும். ஆகும் செலவு ஒரு விழாவின் மாலைச் செலவுக்கும் குறைவு.

ஆண்டுதோறும் ஜூன் 3ஆம் நாள் உலக மிதிவண்டி நாள் என்று ஐக்கிய நாடுகள் அவை 2018இல் அறிவித்தது. அந்நாளில் பேரணியும் பேச்சும் நடக்கட்டும். அவற்றுக்கு முன், பேரணிக்கு வந்த பிள்ளைகளின் இருக்கையை யாரேனும் ஒருவர் குனிந்து பார்த்து, அரை அங்குலம் உயர்த்தி முடுக்கிவிடுவாராயின், அப்பிள்ளைகள் அன்று வீடு திரும்பும் வழியிலேயே வேறுபாட்டை உணர்வார்கள். அவர்களுக்கு அதைவிடப் பயனுள்ள விழா வேறில்லை.